வெள்ளிக்கிழமைத் தாளில் இல்லாத வரிகள்

“நீ சொன்னதைத்தானே செஞ்சேன் அமலு, நீ சொல்லாதது ஒண்ணையும் செய்யலையே, இப்ப என்னைப் பிடிச்சுக் கத்தினா நான் எங்க போவேன்?” என்று சவரிநாதன் அந்தச் சனிக்கிழமைக் காலையில் ஆறாவது தடவையாகச் சொன்னபோது, அவர் மனைவி அமலோற்பவம் தோசைத்திருப்பியை அடுப்பு மேடையில் வீசி வைத்துவிட்டு, அதே வாக்கியத்தை, அதே இழுப்போடு, ‘எங்க போவேன்’ என்ற இடத்தில் அவர் குரல் கம்மிப்போவதைக்கூட விடாமல், அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

“நீங்க எங்கயும் போக வேண்டாம். காணாமப் போனது என் பொண்ணு. ஒரே ஒரு வாரம்னு சொல்லித்தானே மறைச்சீங்க? வாரம் முடிஞ்சு போச்சு. ஜெசிந்தாவைக் கொண்டாந்து என் கண்ணு முன்னாடி நிறுத்துங்க.”

“காணாமப் போகல அமலு. வீட்லதான் இருக்கா. காலைலகூட என் சட்டையை மடிச்சு வெச்சிருக்கா பாரு, கை ரெண்டையும் உள்ள விட்டு, அவ மடிக்கிற மாதிரியே.”

“மடிச்ச சட்டை இருக்கு. மடிச்ச கை எங்க?”

சவரிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பதில் இல்லாதபோதெல்லாம் அது அவர் வழக்கம். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கண்ணாடி தேய்ந்து மறுபக்கம் வந்திருக்க வேண்டும் என்று அமலோற்பவம் நினைத்துக்கொண்டாள்.

கோயம்புத்தூருக்கு வடக்கே, தறி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டி நாற்பத்திரண்டு வீடுகளாக நின்ற அந்தக் காலனியில், தண்ணீர் திறக்கவும் சங்கு ஊதவும் தெருவிளக்கு ஏற்றவும் தனித்தனியாக ஆள் வைத்து மேய்க்க முடியவில்லை என்று நிர்வாகம் வெளிநாட்டு ஆலை ஒன்றில் கழித்துப்போட்ட கணினியை வாங்கி வந்து பம்புசெட் அறையில் நிறுத்தியபோது, அதற்குத் திரை என்று ஒன்று இல்லை. தட்டச்சு மாதிரி ஒரு பலகையும், கறகறவென்று மடிப்பு மடிப்பாகத் தாள் துப்பும் அச்சுப்பொறியும் மட்டும்தான். உள்ளே போனது என்ன என்று தெரிந்துகொள்ள அச்சடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதோடு பேச அசெம்பிளி மொழி தெரிந்தவர் தொழிற்சாலையிலேயே சவரிநாதன் ஒருவர்தான் என்பதால், காலனி அவரை ஏதோ மந்திரவாதியைப் பார்ப்பது போலப் பார்த்தது. அமலோற்பவத்துக்கு அந்த மொழி மாமியார் பேச்சு மாதிரிதான் இருந்தது. எடு, வை, கூட்டு, அங்கே போ, திரும்பி வா. ஒரு ‘ப்ளீஸ்’ கிடையாது, ஒரு ‘தேங்க்யூ’ கிடையாது. திருச்சி கான்வென்டில் அவளுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர்கள் கேட்டிருந்தால் முட்டி போடவைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு சவரிநாதன் கணினிக்குத் தான் எழுதிக்கொடுத்த கட்டளை வரிசையை, அந்த நிரலை, முழுசாக அச்சடிப்பார். லிஸ்டிங் என்று அதற்குப் பெயர். இடது ஓரத்தில் வரி எண், நடுவில் எந்திரத்துக்கான கட்டளை, வலது பக்கம் ஒரு அரைப்புள்ளி போட்டு, மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கான குறிப்பு. முதல் ஆறு மாதம் அது அப்படியேதான் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ‘ஆறு மணிக்கு வால்வைத் திற’ என்ற கட்டளைக்குப் பக்கத்தில், அவர் அடிக்காத ஒரு குறிப்பு வந்திருந்தது: ஏழாம் நம்பர் வீட்டுப் பங்கஜவல்லி தன் குடத்தை முதலில் வைப்பதற்காக எட்டாம் நம்பர் வீட்டுக் குடத்தைக் காலால் நகர்த்துகிறாள். அதற்கடுத்து, விளக்கு வரியில், பதினாலாம் நம்பர் ஃபோர்மேன் பாட்டிலோடு இருட்டில் நிற்கிறார். அடுத்து சங்கு வரியில், இருபதாம் நம்பர்க்காரர் சங்கு கேட்டும் எழுந்திருக்கவில்லை. வீடு வீடாக, ஆள் ஆளாக, அவரவருக்கென்று வரி எண் ஒதுக்கி, நாற்பத்திரண்டு வீடும் அந்தத் தாளில் குடிவந்திருந்தது. சவரிநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தார். நிரலில் பிழை இல்லை, தண்ணீரும் சரியாகத்தான் வந்தது. எனவே, தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதமும் காலனிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்ற விதிப்படி, ஓட்டை போட்ட ஓரத்தைப் பதவிசாகக் கிழித்துவிட்டு அதைக் கொண்டுபோய்ப் பலகையில் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டார்.

முதல் வாரம் மூன்று வீட்டில் சண்டை நடந்தது. இரண்டாவது வாரம் முறுக்கு, கடலையோடு குடும்பம் குடும்பமாக வந்து படித்தார்கள். மூன்றாவது வாரம் பங்கஜவல்லி சங்கத்துக்கு வந்து, தன் பெயர் ஒன்பது இடத்தில் வந்திருக்க எட்டாம் நம்பர்க்காரி பெயர் இரண்டே இடத்தில் வந்திருப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். நான்காவது வாரத்திலிருந்துதான், தெருவில் சவரிநாதனை நிறுத்தி, அண்ணா, சார், தம்பி என்று அவரவர் வயசுக்குத் தக்கபடி கூப்பிட்டு, தங்கள் வரியை மட்டும் எப்படியாவது எடுத்துவிட முடியாதா என்று காதோடு கேட்க ஆரம்பித்தார்கள்.

“எடுக்க முடியாது. எடுத்தா தண்ணி நின்னுடும்” என்றார் சவரிநாதன். “வேணும்னா மறைக்கலாம். அந்த வரிக்கு மேல ‘இனிமே காட்டாதே’ன்னு ஒரு ஆர்டர், கீழ ‘இனிமே காட்டு’ன்னு ஒரு ஆர்டர். நடுவுல இருக்கறது எப்பவும் போல நடக்கும். தாள்ல மட்டும் வராது.”

எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! சங்கச் செயலாளர் வெள்ளியங்கிரி அன்றைக்கே கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார். பலகைக்குக் கீழே ஒரு பெட்டி. மறைக்க விரும்புகிறவர் வரி எண்ணை மட்டும் சீட்டில் எழுதிப் போட வேண்டும், பெயர் எழுதக்கூடாது. ஆளுக்கு வாரம் ஒரு சீட்டுதான். வெள்ளிக்கிழமை காலை வெள்ளியங்கிரி சீட்டுகளைக் குலுக்கி ஒவ்வொன்றாக எண்ணை வாசிப்பார், சவரிநாதன் திரும்பிப் பார்க்காமல் அடிப்பார், சீட்டுகள் பாய்லரில் எரிக்கப்படும். வாசித்த எண்களை சவரிநாதன் மண்டையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. விதி என்று சொல்லிவிட்டால் போதும், அவர் மண்டை கீழ்ப்படிந்துவிடும். மறைத்ததைத் திரும்பக் காட்ட வேண்டுமென்றால், சீட்டுப் போட்டவரே நேரில் வந்து செயலாளரிடம் சொல்ல வேண்டும்.

தாளில் மறைந்தது தெருவிலும் மறைந்தது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளில் வந்தது தெருவில் நடந்தது என்றால், தாளில் வராதது தெருவில் தெரியாமல் போவதுதானே முறை. ஃபோர்மேனின் வரி மறைந்த வெள்ளியிலிருந்து அவர் கையில் பாட்டில் தெரியவில்லை. அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார், அவர் மனைவி அடி வாங்கிக்கொண்டுதான் இருந்தாள், வீங்கின கன்னத்தைத்தான் யாராலும் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாள் ஒரு தரம் ரேஷன் கடை வரிசையில் நின்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டியும்கூட, “நல்லா பளபளன்னு இருக்கீங்களே” என்றார்கள். ஒவ்வொரு வாரமும் லிஸ்டிங் கொஞ்சம் குட்டையாயிற்று. எண்கள் மட்டும் ஏமாற்றவில்லை, தொண்ணூற்றாறுக்குப் பிறகு நூற்று மூன்று என்று தாண்டிக் குதித்தன. மறைந்த எண் தாளில் இருக்காதாகையால் அதை இன்னொருவர் இன்னொரு தரம் மறைக்க வழியில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷக் கடைசியில், சண்டை சச்சரவு இல்லாத குடியிருப்பு என்று நிர்வாகம் காலனிக்கு ஒரு கேடயம் கொடுத்தது. கேடயம் வாங்க மேடைக்குப் போனது ஃபோர்மேன்.

“நான்சென்ஸ்” என்பதே இதைப் பற்றி அமலோற்பவத்தின் கருத்து. ஆனாலும் அவளும் ஒரு சீட்டுப் போட்டிருந்தாள், மூத்தவளின் கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில். அது என்ன சீட்டு என்பதை அது வரவேண்டிய இடத்தில் சொல்லலாம்.

மூத்தவள் ஜெசிந்தா ஓசூரில் வாக்கப்பட்டு, நாலே மாதத்தில் ஒரு பெட்டியோடும் இடது கையில் எலும்புமுறிவுக் கட்டோடும் திரும்பி வந்தாள். அப்படித் திரும்பி வந்த பெண் அழுதுகொண்டு உள்ளறையில் கிடந்திருந்தால் காலனி ஆளுக்கொரு டம்ளர் காப்பி போட்டுக்கொடுத்து அவளைத் தாங்கியிருக்கும். ஜெசிந்தா சிரித்தாள். வாசற்படியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்து, எட்டு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி, கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்க அவளுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்துக் காலனிக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளிக்கிழமைத் தாளில் இருநூற்றுப் பதினெட்டாம் வரியை எல்லோரும் விரல் வைத்துப் படித்தார்கள்: ஜெசிந்தா சிரிக்கிறாள். ஜெசிந்தா வேறு, அந்தச் சிரிப்பு வேறு என்று காலனியில் யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இளையவள் ரெஜினாவைப் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அமலோற்பவம் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல், “ஒரு வாரம். இந்த வெள்ளியிலேர்ந்து அடுத்த வெள்ளி. தங்கச்சிக்காக” என்றாள்.

“எனக்கென்னம்மா” என்றாள் ஜெசிந்தா. “ஒரு வாரம் யாரும் என்கிட்ட வந்து ‘ஏன் வந்துட்டே’ன்னு கேக்க மாட்டாங்கல்ல? ஜாலிதான்.” அதற்கும் சிரித்தாள்.

அமலோற்பவம் இருநூற்றுப் பதினெட்டு என்று எழுதிப் பெட்டியில் போட்டாள். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா இருந்த இடத்தில் வெங்காயம் மட்டும் உரிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, ஒரே பெண்ணாக இருந்தும் அடக்கமாக இருக்கிறாளே என்று ரெஜினாவை மெச்சிவிட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அமலோற்பவம் நேரில் போய்ச் சொல்ல, வெள்ளியங்கிரி தலையாட்ட, சவரிநாதன் ‘காட்டு’ என்று அடித்தார். லிஸ்டிங்கில் இருநூற்றுப் பதினேழுக்குப் பிறகு இருநூற்று இருபத்திரண்டுதான் வந்தது.

அதனால்தான் சனிக்கிழமைக் காலையில் அந்தச் சண்டை.

“ஒரே வாரத்துல ரெண்டு பேர் அதே எண்ணைப் போட்டிருந்தா ரெண்டு தரம் மறைஞ்சிருக்கும்” என்றார் சவரிநாதன், கண்ணாடியில்லாத முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. “ஒரு கதவுக்கு ரெண்டு பேர் ரெண்டு பூட்டுப் போட்ட மாதிரி. ரெண்டு சாவியும் வேணும்.”

“யார் அந்த இன்னொரு பூட்டு?”

“நான்தான் அமலு.”

அமலோற்பவம் தீய்ந்துபோன தோசையை எடுத்துத் தட்டில் போட்டாள்.

“அவ சிரிக்கிறதை என்னால பாக்க முடியல. கட்டில்ல படுத்தா காதுல கேக்குது. ஒரு வாரம் கேக்காம இருந்தா தேவலைன்னு தோணுச்சு.”

அடுத்த வெள்ளி அவருடைய சாவி போட்டும் ஜெசிந்தா தெரியவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் ரெஜினா குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதுவிட்டு வந்து, “அக்கா பக்கத்துல நின்னா எல்லாரும் அவளைத்தாம்மா பாக்கறாங்க, கட்டுப்போட்ட கையோடகூட அவளைத்தான் பாக்கறாங்க” என்றாள். அமலோற்பவம் அவளை அறைந்தாள், பிறகு சோறு போட்டாள். அதற்கடுத்த வெள்ளி மூன்றாவது சாவி. இருநூற்றுப் பதினேழு, இருநூற்று இருபத்திரண்டு.

வீட்டுக்குள் சாவி தீர்ந்துபோயிற்று. இதற்குள் ஜெசிந்தாவுக்கென்று தனியாகத் தட்டு வைப்பதும், வெயிலில் உலர்ந்த துணி தானே மடிந்து பீரோவுக்குப் போவதும், தண்ணீர் டிரம் தானே நிறைவதும் அந்த வீட்டில் பழகிவிட்டிருந்தன. தட்டு காலியாவதை யாரும் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கும்போது காலியாகியிருக்கும். பக்கத்து வீடுகளும் பழகிக்கொண்டன. “உங்க பெரியவ எங்க வெளக்குமாத்தைத் திருப்பி வெச்சுட்டாளுங்க்கா, தேங்க்ஸ் சொல்லீருங்க” என்று பங்கஜவல்லியே வந்து சொல்லிவிட்டுப் போனாள், ஏதோ வெளியூரில் வேலைக்குப் போன பெண்ணைப் பற்றிச் சொல்வது போல. அந்தப் பழக்கம்தான் அமலோற்பவத்தை எல்லாவற்றையும்விட அதிகமாக பயமுறுத்தியது. இன்னும் ஒரு மாதம் போனால் தானுமே தட்டை வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

முதல் நாள் நீலச் சேலையும் இரண்டாம் நாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையுமாக, அவள் மிச்சமிருந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். “போட்டது யாருன்னு நான் கேக்க வரல. போட்டேன்னு செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்.” எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது. ஒருவரும் போடவில்லை. ஐயையோ, ஜெசிந்தா எங்க வீட்டுப் பிள்ளை மாதிரியாச்சே. கடைசியில் பங்கஜவல்லியின் சமையலறையில், உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு, தன் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டிராத குரலில் அமலோற்பவம் கேட்டாள்:

“பங்கஜம், நீ போடலைன்னே வெச்சுக்கோ. ஆனா போட்டேன்னு சொல்லேன். பொய் சொல்லு. எனக்காக ஒரு பொய்.”

“ஏனுங்க்கா, அதெப்படி?” பங்கஜவல்லி நிஜமாகவே பதறிப்போனாள். “போடாததைப் போட்டேன்னு சொன்னா நாளைக்கு ஊரு என்னைய என்ன பேசும்? ஒரு புள்ளையை மறைச்சவன்னு பேரு வந்துருமே! என்ர வரி எதுவுமே இப்பத் தாள்ல இல்ல, இத்தனை நாள் பாடுபட்டு ஒவ்வொண்ணா மறைச்சு வெச்சிருக்கறன். இதொண்ணு மட்டும் பளிச்சுன்னு நிக்குமே!”

“பொய்தானே, பங்கஜம்?”

“பொய்யின்னு எனக்குத் தெரியும் உங்களுக்குத் தெரியும். தாளுக்குத் தெரியுங்களா?”

நாற்பத்தொரு வீட்டிலும் இதே பதில்தான் என்று புரிந்துகொள்ள அவள் இன்னும் இரண்டு வீட்டுக்கு இரண்டாம் தரம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. நல்ல பெயர் அந்தக் காலனியில் அரிசி மாதிரி ஆகியிருந்தது. ஒரு பிடிகூடக் கைமாற்றுக் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

“நீங்க சொல்றது செரிதானுங்கம்மா, எனக்கும் மனசு கேக்கறதில்லீங்க” என்றார் வெள்ளியங்கிரி, சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியை மடிக்கும்போது. “ஆனா போட்டவிங்க வந்து சொல்லோணுமுங்க. அந்த விதியை ஒருத்தருக்குத் தளர்த்துனா நாளைக்கு யாரு வேணாலும் யாரு வரியை வேணாலும் காட்டச் சொல்லுவாங்க. அப்பறம் காலனி என்னாகறதுங்க?”

“காலனி காலனியா இருக்கும்.”

“அதானுங்கம்மா பயமா இருக்குது.”

வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சவரிநாதன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, எப்போதும் போலத் தாழ்ந்த குரலில், எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். “ஒரு ஆர்டர் இருக்கு அமலு. மேல ஒரே ஒரு வரி. ‘எல்லாத்தையும் காட்டு.’ எத்தனை பூட்டுன்னு அது எண்ணாது. யார் போட்டதுன்னு கேக்காது. நாப்பத்திரண்டு வீட்லயும் இதுவரைக்கும் மறைச்சது அத்தனையும் வந்துடும். வேலை போகும், வீடு போகும், ஃபோர்மேன் என்னை உதைப்பார். உதைக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு அடிக்கட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல்லு.”

அவள் அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனிதர் அவ்வளவு உயரமாக உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஆமாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தபோதுதான், தன் வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. இருநூற்றுப் பதினொன்று.

ஜெசிந்தாவின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால், பத்திரிகை கொடுத்து முடித்து, கோவிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்துவிட்ட பிறகு, ஓசூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் மாப்பிள்ளை குடியிருந்த வீட்டுக்காரம்மா. அந்த ஆள் ஏற்கெனவே ஒருத்தியைக் கூட்டிவந்து வைத்திருந்து, அறையில் போட்டுப் பூட்டி அடித்தான், நானே கதவை உடைத்து அந்தப் பெண்ணை பஸ் ஏற்றிவிட்டேன், பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்று நான்கே வரி, கோணல் எழுத்தில். எழுத்துப் பிழை ஏழு இருந்ததை அமலோற்பவம் எண்ணினாள். எழுத்துப் பிழையோடு எழுதுகிறவள் பொறாமையில்தான் எழுதியிருப்பாள் என்று முடிவு செய்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கடிதத்தை அதில் போட்டாள். வெள்ளிக்கிழமைத் தாளில் ‘அமலோற்பவம் அடுப்பைப் பற்றவைக்கிறாள்’ என்ற வரிக்குப் பக்கத்தில் எதை எரித்தாள் என்பதும் வரும் என்று தெரிந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதிலிருந்து ஆறு மாதமாக அவள் அடுப்புப் பற்றவைப்பதை யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் அது குறையாகவும் படவில்லை.

எல்லாம் காட்டப்பட்டால் ஜெசிந்தா வருவாள். வந்து பலகையின் முன்னால் நின்று, கட்டுப் பிரித்த கையை நீட்டி, இருநூற்றுப் பதினொன்றை விரல் வைத்துப் படிப்பாள்.

“ஞாயித்துக்கிழமை ரெஜினாவுக்கு நிச்சயதார்த்தம்” என்றாள் அமலோற்பவம். தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவதை அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். “அது முடியட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அடிங்க.”

சவரிநாதன் கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. ஆனால் அந்தக் காலனியில் பேச்சு தண்ணீரைவிட வேகமாக ஓடும். யார் சொன்னது, சாப்பாட்டு நேரத்தில் எந்தச் சுவருக்குக் காது முளைத்தது, தெரியவில்லை. ஒருவேளை சொன்னதும் ஒரு வரியாகி அதுவும் மறைந்துவிட்டதோ என்னவோ. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வெள்ளியங்கிரியும் ஃபோர்மேனும் இன்னும் ஆறு பேரும் பம்புசெட் அறைக்கு வந்து, சவரிநாதனுக்கு வணக்கம் சொல்லி, அவரை ஒரு நாற்காலியில் மரியாதையாக உட்காரவைத்துவிட்டு, அச்சுப்பொறியைக் கழற்றினார்கள். தட்டச்சுப் பலகையின் கம்பியையும் வெட்டினார்கள். இரண்டையும் சாக்கில் சுற்றி, பாய்லரில் எரியாது என்பதால், பழைய கிணற்றில் போட்டார்கள். கணினி தொடர்ந்து ஓடியது. ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது, சங்கு ஊதியது, விளக்கு எரிந்தது. இனி உள்ளே ஒன்றைச் சொல்லவும் முடியாது, உள்ளிருந்து ஒன்றைக் கேட்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை வந்து தாள் இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை பலகையில், முழு ஆண்டுத் தேர்வு என்பதால் ஒலிபெருக்கி வைக்க வேண்டாம் என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஜனங்கள் அதை நின்று படித்துவிட்டுப் போனார்கள். காலனி அவ்வளவு அமைதியாக இருந்தது, சைக்கிள் போனால் அதன் செயின் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

சவரிநாதன் அதற்குப் பிறகு அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இரவும் பகலும் வாயில் தயாராக வைத்திருந்த பதில்கள் அவளிடம் ஊசிப்போய்க்கொண்டிருந்தன. ஏன் அடுத்த வெள்ளி என்று சொன்னாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்குமோ, அந்த வெள்ளிக்கிழமை இருநூற்றுப் பதினொன்றை வெள்ளியங்கிரி வாசித்தபோது அடித்த விரல் அவருடையதுதானே, மண்டை மறந்தாலும் விரல் மறக்குமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஜெசிந்தாவின் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. செவ்வாயும் அப்படியே. கொடியில் துணி உலர்ந்து, விறைத்து, மடியாமல் கிடந்தது.

புதன்கிழமை நாலு மணிக்கு, ரெஜினா தையல்காரரிடம் போயிருந்தபோது, அமலோற்பவம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கான்வென்டில் கம்பு மாதிரி நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்படியே உட்கார்ந்தாள்.

“ஜெசி” என்றாள். “உன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கடுதாசி வந்துச்சு. ஓசூர்லேர்ந்து. அவன் அடிப்பான்னு எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். படிச்சிட்டு எரிச்சேன். பத்திரிகை கொடுத்தாச்சு, ஓலை வாசிச்சாச்சு, இனிமே எந்த மூஞ்சியோட நிறுத்தறதுன்னு எரிச்சேன். உங்கப்பாவுக்குத் தெரியாது. இப்ப உனக்குத் தெரியும்.”

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவள் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்தாள், அது விழவில்லை.

“அந்த வாரம் கடைசிச் சீட்டுப் போட்டது யாருன்னு நாப்பத்தொரு வீட்ல கேட்டுட்டேன். உன்கிட்ட மட்டும் கேக்கல. நீயே போட்டுக்கிட்டியா? போட்டிருந்தாலும் பரவால்ல. வரச் சொல்லல. வரவும் வழியில்லன்னு எனக்குத் தெரியும், நான்தான் அதை அடைச்சேன். சாப்பிடச் சொல்லல. மன்னிக்கச் சொல்லல, அதெல்லாம் எனக்குக் கேக்கத் தெரியாது.”

அவள் முக்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். பிறகு அலமாரிப் பக்கம். பிறகு, இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் இல்லாமல்.

“நீ எங்க நிக்கறேன்னு மட்டும் சொல்லு ஜெசி. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன்.”